கஜா போன வழி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று மேற்கே நகர்ந்து, வழியில் நின்ற தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துக்கொண்டே போய், திண்டுக்கல் பக்கம் வலுவிழந்தது. இந்த ஆடி மாதத்தில் அதே வழியில் நானும் போனேன். புயலில் என்ன போயிற்று என்று கேட்க அல்ல. அதை அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புயலுக்குப் பிறகு யார் ஊரைவிட்டுப் போனார்கள், யார் இருந்துவிட்டார்கள், அதை எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரே காற்று ஒரே தெருவில் வரிசையாக ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்க, ஒரு வீட்டார் திருப்பூருக்கும் அடுத்த வீட்டார் சிங்கப்பூருக்கும் போவதும், மூன்றாவது வீட்டார் எங்கும் போகாமல் கிடப்பதும் எதனால் என்பது எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் ரயில் பாதை. அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில்தான் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. இரு பக்கமும் வயல், பிறகு சவுக்கு, பிறகு வெயிலில் கண் கூசும் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய இடம் அகஸ்தியம்பள்ளி. அங்குள்ள நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு வண்டியேறிவிடுகிறவர்கள் பாத்திகளின் ஓரம் சற்று நடந்து பார்க்கலாம். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். மழைக்காலத்தில் பாத்தி மூழ்கிவிடும், வேலை இருக்காது. தை, மாசியில் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டித்தான் அடுத்த விளைச்சலைத் தொடங்குவார்கள். கஜா வந்தது ஐப்பசிக் கடைசியில். கடல் உள்ளே ஏறிச் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டிவிட்டுப் போனது. பக்கத்து மீனவ ஊரான புஷ்பவனத்தில் வீட்டுக்குள்ளேயே சேறு நின்றது.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். ஐம்பதைக் கடந்த வயது. கையில் மரப்பலகை, காலில் பழைய சாக்ஸ். அந்த வருடம் பாத்தி சரியாகும்வரை காத்திருக்க முடியாமல் கணவரும் மகனும் இவரும் திருப்பூருக்குப் போனார்களாம். மகன் அங்கேயே தங்கிவிட்டான், இவர்கள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பிவிட்டார்கள். ஏன் திருப்பூர் என்று கேட்டேன்.

“எங்க நாத்தனார் மவளை அங்கதாங்க கட்டிக் குடுத்திருந்துச்சு. புயலு அடிச்ச மூணாம் நாளு கரண்டு இல்ல, போனு இல்ல. எப்புடியோ அது ஆளு புடிச்சு சேதி சொல்லி அனுப்புச்சு, ‘மாமி, பொறப்பட்டு வாங்க’ன்னு. அது இல்லேன்னா திருப்பூரு எந்தப் பக்கமுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க.”

இரண்டு வீடு தள்ளி இருக்கும் இன்னோர் அம்மாவுக்கு இதே வேலை. புயலில் இவருக்கும் கூரை முழுதாகப் போனது. கணவர் இல்லை, பெண்ணை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் எங்கும் போகவில்லை. “என்னைக் கூப்புட யாரு இருக்கா?” என்றார். அழவில்லை. சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். குடிசையை முழுதாக இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த 10,000 ரூபாயில் கீற்று வாங்கி வேய்ந்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டதாகப் பிறகு சொன்னார்.

ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். போக முடியாமல் இருந்துவிட்டவர் நம் கண்ணில் படுவதே இல்லை. பிரிட்டன் அரசின் அறிவியல் அலுவலகம் 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பருவநிலை கெடக் கெட இடம்பெயர்கிறவர்கள் எத்தனை கோடி என்றே எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆபத்தான இடத்திலிருந்து நகர வழியில்லாமல் சிக்கிக்கொள்கிறவர்களும் பெருங்கூட்டமாக இருப்பார்கள் என்று அந்த அறிக்கை எச்சரித்தது. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் இரண்டு வீட்டு இடைவெளியில் அதைப் பார்த்தேன். போனவர் ஏழை, போகாதவரும் ஏழை. ஒரு நாத்தனார் மகள் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். அலையாத்திக் காட்டை ஒட்டிய இந்த ஊர்களில் கதை வேறு. இங்கே மரைக்காயர்களும் ராவுத்தர்களும் கடல் கடந்து போவது தலைமுறைப் பழக்கம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். பிறகு சிங்கப்பூர், அதற்குப் பிறகு துபாயும் சவூதியும். வெளிநாடு போவதை ‘சபர்’ என்பார்கள். சபரில் மகனோ மருமகனோ இல்லாத வீடு அபூர்வம்.

அதிராம்பட்டினத்தில் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்), கஜாவுக்குப் பிறகு இங்கிருந்து புதிதாகப் போனவர்கள் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “புயலுக்காகன்னு யாரும் போன மாதிரி தெரியலையே தம்பி. போறவங்க எப்பவும் போற மாதிரி போனாங்க” என்றார். புயலடித்த வாரமே வெளிநாட்டிலிருந்து பணம் வந்துவிட்டது. ஓடு மாற்றினார்கள், ஜெனரேட்டர் வாங்கினார்கள், பள்ளிவாசலில் சோறாக்கி ஜாதி மதம் பார்க்காமல் போட்டார்கள். ஊர் ஜமாஅத் வழியாக வந்த பணத்தில் பக்கத்து மீனவத் தெருவுக்கும் சாமான் போயிற்று.

முன்பே சிலர் போயிருந்ததால் மற்றவர்கள் போக வேண்டியிருக்கவில்லை. வெளியூர் உறவு என்றால் ஆளை வெளியே இழுக்கும் கயிறு என்றே நினைக்கிறோம். இங்கே அது எஞ்சியவர்களை ஊரில் நிறுத்தி வைத்தது. மேற்கே வந்துவிட்டு வேதாரண்யக் கணக்கை இங்கே போட்டால் தப்பாகிவிடும்.

மறுநாள் பேராவூரணி. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதை பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2019இல் முழுதாகத் திறந்தது. இன்று பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் சன்னலின் இரு பக்கமும் தென்னை. எல்லாம் ஒரே உயரம் இல்லை. தோப்புக்கு ஒன்றிரண்டு மட்டும் நெட்டையாக, ஒரு பக்கம் வளைந்து, தனியாக நிற்கும். கஜாவுக்குத் தப்பியவை அவை. மற்றதெல்லாம் பிறகு வைத்த பிள்ளைகள்.

இந்த மண்ணுக்குத் தென்னை வந்த கதையே தண்ணீரின் கதைதான். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயை இங்கே புது ஆறு என்பார்கள். 1934இல் அது வந்ததும் வானம் பார்த்த பூமி நெல் பூமியானது. பிறகு காவிரியில் தண்ணீர் குறையக் குறைய, கால்வாயின் கடைமடையான இங்கே நெல்லை நம்ப முடியாமல் போயிற்று. ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னை வைத்தார்கள். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் நகைக் கடனுக்கும் தவணை அந்த நாற்பத்தைந்து நாளை வைத்துத்தான். தண்ணீர் கைவிட்டபோது ஊரைவிட்டுப் போகாமல் இருக்க இவர்கள் கண்டுபிடித்த வழி தென்னை. அதைத்தான் கஜா வேரோடு சாய்த்தது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மணல் மண்ணில் சல்லிவேரை விரித்து நிற்கிற மரம். “மொத வடக்கேருந்து அடிச்சிச்சு. வளைஞ்சு குடுத்துச்சு மரம். செத்த நேரம் ஓஞ்சுது. அப்பறம் தெக்கேருந்து திருப்பி அடிச்சிச்சு பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு” என்றார் திருச்சிற்றம்பலம் பக்கத்தில் ஒரு விவசாயி. அவர் தகப்பனார் வைத்த தோப்பு. விடிந்து பார்த்தபோது தோப்புக்குள் நுழைய வழியில்லை. மரத்துக்கு மேல் மரம்.

நிவாரணமாக அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். குட்டையோ ஒட்டு ரகமோ வைத்தால் மூன்று, நான்கு வருடம். அதுவரை எதைச் சாப்பிடுவது? கேள்வி அதுதான். காற்றின் வேகம் ஓர் இரவோடு போய்விட்டது. அடுத்த ஏழு வருடத்துக்கு வெட்டு இல்லை என்பதுதான் ஆளை நகர்த்தியது. கிளார்க் கிரே, வேலரி முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் வங்கதேசக் கிராமங்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த தகவல்களை வைத்து 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெள்ளம் வந்ததற்காக மக்கள் போனது நாம் நினைப்பதைவிடக் குறைவு, பயிர் பொய்த்தபோது போனதுதான் அதிகம் என்று அதில் கண்டார்கள். அந்தக் கட்டுரையை முன்பே படித்திருந்தேன். அது எனக்கு விளங்கியது வெட்டுக் கணக்கைச் சொன்ன இந்த மனிதரின் திண்ணையில்தான்.

அவருக்கு இரண்டு மகன்கள். பெரியவர் அடுத்த வருடமே சிங்கப்பூர் போனார். ஏஜெண்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

“மொய் வெச்சோம்.”

ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துக்கு வந்தவர்களுக்கு மொய் விருந்தை விளக்கத் தேவையில்லை. சாலை முழுக்கப் பதாகைகள். மண்டபத்திலோ பந்தலிலோ ஆட்டுக்கறி விருந்து. கல்யாணம் காதுகுத்து என்று காரணம் எதுவும் வேண்டாம், மொய் வாங்குவதே விசேஷம். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து பந்தல் செலவையும் கறிச் செலவையும் பகிர்ந்துகொண்டு ஒரே நாளில் வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு நோட்டு. எழுதுகிறவர் ஊரையும் பெயரையும் தொகையையும் எழுதுவார். வந்தவர் முன்பு வாங்கியிருந்ததைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வார். சேர்த்தது இவருக்குக் கடன், அவர் வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு குடும்பம் ஒரு முறை வைத்தால் மறுபடி வைக்க ஐந்து வருடம் போக வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு. பத்திரம் இல்லை, வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. நோட்டும் மானமும்தான் ஈடு.

நான் போன பந்தலில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, மேசை அருகே ஓரமாக நின்று பார்த்தேன். பணம் எண்ண இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒருவர் வந்து தன் தம்பி பெயரில் எழுதச் சொன்னார். தம்பி மலேசியாவில். இன்னொருவர் திருப்பூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். மொய் செய்துவிட்டு இரவே திரும்ப வேண்டும், மறுநாள் ஷிப்ட். அவருக்குக் கஜாவில் முக்கால் ஏக்கர் போனது. ஊரைவிட்டுப் போய் ஆறு வருடம் ஆகியும் ஓர் ஆடி தவறியதில்லை. “விட்டா நாளைக்கு ஊருல முகம் குடுத்துப் பேச முடியாதுங்க” என்றார்.

என் பயணத்தில் நான் கண்டவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இதுதான். திருச்சிற்றம்பலம் விவசாயியின் மூத்த மகனை சிங்கப்பூருக்கு அனுப்பிய பணம் மொய்ப் பணம். அந்தப் பணமே அவரை ஊரோடு கட்டியும் போட்டிருக்கிறது. அங்கே உழைப்பதில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆடியிலும் இங்கே வந்து நோட்டில் ஏறியாக வேண்டும். நாள்பட்டால் அவருக்கும் மொய் வைக்க முறை வரும், அப்போது பணம் மறுபடி அவர் வீட்டுக்கு வரும். அதனால் அவர் போகவும் செய்கிறார், போகாமலும் இருக்கிறார். குடும்ப அட்டையிலோ வாக்காளர் பட்டியலிலோ இந்த நிலைக்கு இடமில்லை, மொய் நோட்டில் இருக்கிறது.

கஜாவுக்கு அடுத்த ஆடியில் மொய் படுத்துவிட்டது என்றார்கள். செய்ய வேண்டியவர்களுக்கே தோப்பு இல்லை. சிலர் வைப்பதாக இருந்த விருந்தைத் தள்ளிப்போட்டார்கள். வைத்தவர்களுக்கு எதிர்பார்த்ததில் ஒரு பங்குதான் வந்தது. ஒருவருக்கு மட்டும் கஷ்டம் என்றால் ஊர் தாங்கும். ஊருக்கே ஒரே இரவில் கஷ்டம் வந்தால் இந்த ஏற்பாடு தடுமாறும். அப்போதும் முழுக்கச் சரியாததற்குக் காரணம் நோட்டில் இருந்த வெளியூர்ப் பெயர்கள். புயல் தொடாத ஊரிலிருந்து வந்த மொய்தான் அந்த வருடம் பலரை நிறுத்தியது. உறவு பரந்திருந்தால்தான் இயற்கைச் சீற்றத்துக்கு எதிராகக் காப்பு. ஒரே ஊருக்குள் இருக்கிற உறவு, எத்தனை நெருக்கமானாலும், அந்த ஊரோடு சேர்ந்தே நனையும்.

மொய் நோட்டு எல்லா வீட்டிலும் ஒரே தடிமன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோப்புக்காரர் நோட்டு பெரிது. தோப்பில் தேங்காய் வெட்டியவர், உரித்தவர், கொப்பரை காய வைத்தவர், கீற்றுப் பின்னிய பெண்கள் ஆகியோரின் நோட்டு சிறிது. பலரிடம் நோட்டே இல்லை. கஜா நிவாரணம் மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டது. மரம் யார் பெயரில் இருந்ததோ அவர் வாங்கினார். அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்திய சில மாதம் கூலி கிடைத்தது. அதன்பிறகு ஏற மரம் இல்லை. மரம் ஏறுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவர், பேராவூரணி கடைவீதியில் டீ குடித்தபடி சொன்னார்: “மொதலாளிக்குத் தோப்பு போச்சு, எனக்குத் தொழிலு போச்சு. அவருக்கு எழுதிக்கிட்டாங்க.” அவர் பொள்ளாச்சிக்குப் போனார். கஜா பார்க்காத தென்னை அங்கே இருக்கிறது. அழைத்துப் போனவர் சொந்தக்காரர் இல்லை, ஆள் பிடிக்கும் ஒருவர். முன்பணம் கொடுத்து, கூலியில் கழித்துக்கொண்டே இருந்தார். உறவு அழைத்துப் போனால் முதல் மாதம் சோறு போட ஆள் உண்டு. முன்பணம் அழைத்துப் போனால் சோற்றுக்கும் கணக்கு எழுதுவார்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில் திருப்பூர் போனேன். உப்பள அம்மாவின் மகனைப் பார்க்க முடிந்தது. லைன் வீட்டில் ஒன்றரை அறை. கைமடிக்கும் வேலையில் சேர்ந்து இப்போது ஓவர்லாக் தைக்கிறார். அந்த வரிசையில் இருக்கும் எட்டு வீட்டில் ஐந்து வீட்டார் வேதாரண்யம் வட்டாரம். எல்லாம் ஒருவரை ஒருவர் பிடித்து வந்தவர்கள், ஏறக்குறைய எல்லாம் ஒரே சாதி. வீடு பிடித்துக் கொடுப்பது, கம்பெனியில் சொல்லிவிடுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் அவர்களுக்குள். வெளியாள் அங்கே வீடு பிடிப்பது எளிதில்லை என்று அவரே சொன்னார். இந்த வெதுவெதுப்புக்குள் போக முடியாதவர்களை நினைத்தபோது, உறவைப் பற்றி இதுவரை நல்லதாகவே சொல்லிவந்த எனக்குச் சங்கடமாக இருந்தது. ஊரில் யாரைச் சேர்த்துக்கொண்டார்களோ அவர்களைத்தான் இங்கும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மீண்டும் உப்பளத்துக்குப் போவீர்களா என்று கேட்டதற்கு, மகள் இங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள் என்றார். பதில் அவ்வளவுதான். கஜா அவரைக் கிளப்பிவிட்டது, ஆனால் அவர் இங்கே நிற்பது இப்போது கஜாவால் இல்லை.

திரும்பும்போது அரசு என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். செய்ததும் உண்டு. புயல் கரையேறும் முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் சென்று பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். 2020க்குப் பிறகு குடும்ப அட்டையை வைத்து எந்த ஊர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். இவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவருக்கு மட்டும்தான் இருந்தது. வேதாரண்யத்திலிருந்து திருப்பூருக்கும் பேராவூரணியிலிருந்து பொள்ளாச்சிக்கும் போனவர் அதன் கணக்கில் வரவில்லை. உறவு இருப்பவரை உறவு பார்த்துக்கொள்ளும். உறவில்லாதவருக்கு அந்த இடத்தில் அரசு நிற்க வேண்டும்: போய் இறங்கும் ஊரில் தங்க ஓர் இடம், வேலைக்குச் சொல்லிவிட ஓர் அலுவலகம், முதல் மாதத்துக்குக் கைச்செலவு. போக விரும்பாதவருக்கு, மரம் காய்க்கும்வரை, பாத்தி விளையும்வரை ஊரிலேயே கூலி.

அடுத்த புயலுக்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர் மரத்தை எண்ண வரும்போது, அந்த மரத்தில் யார் ஏறினார்கள், யார் உரித்தார்கள் என்றும் கேட்டு எழுதட்டும். நிவாரணப் பட்டியலில் நிலத்துக்கு ஒரு பத்தி இருப்பதுபோல உழைப்புக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். வங்கக் கடலில் புயல் காலம் ஐப்பசியில் தொடங்கிவிடும். பட்டியலைத் திருத்த வேண்டியது அதற்கு முன்பே.